சேமி என்றால் சேமிக்க வேண்டும்

நீண்ட பதிவு. எவரோ எழுதிக் கொடுத்த மேக்ரோ உள்ள எக்செல் கோப்பில் நாள்தோறும் எண்களைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் இறுதிவரை வாசிக்குமாறு வேண்டுகிறேன். அத்தகைய கோப்புகளை எழுதுகிறவர்கள் கோபத்தோடாவது வாசிக்கட்டும்.

நான் பங்கேற்ற ஓர் ஆய்வுத் திட்டத்தில், தெலங்கானாவின் சில ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றிய கணக்கெடுப்பு நடந்தது. கிணற்றின் ஆழம், தோண்டிய ஆண்டு, மோட்டாரின் குதிரைத்திறன், வற்றிப்போன கிணறுகளின் எண்ணிக்கை என ஒரு வீட்டுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள். காகிதப் படிவங்களிலிருந்து எக்செல்லில் ஏற்றும் பணியை ஓர் இளைஞர் செய்தார். பட்டதாரி, படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆறாவது வாரத்தில் அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. 212 படிவங்களை அவர் பார்க்காமலே நிரப்பிவிட்டார் என்றார்கள். ஆதாரமாகக் காட்டப்பட்டது இது: ஒவ்வொரு வரிசையின் இறுதியிலும் உள்ளீடு செய்த நேரம் தானாகப் பதிவாக வேண்டும், அந்த 212 வரிசைகளில் நேரக் கட்டம் வெறுமையாக இருந்தது. ஒரு கிணற்றின் ஆழம் 9 அடி என்றும் இன்னொன்றின் ஆழம் 45,000 அடி என்றும் இருந்தன. கோப்பில் சரிபார்ப்பு உண்டு, இத்தகைய எண்களை அது ஏற்காது. ஆகவே எங்கிருந்தோ மொத்தமாக நகலெடுத்து ஒட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். கூலி நிறுத்தப்பட்டது.

"ஒட்டவே முடியாதே அண்ணா, அந்தக் கோப்பைத் திறந்தாலே கன்ட்ரோல்-வி செத்துப்போகிறதே" என்றார் அவர் என்னிடம். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை அக்கோப்பின் உள்ளே பார்க்கத் தூண்டியது.

நிரலெழுத இடம் தரும் பல மேசைக்கணினிச் செயலிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. பயனர் ஒரு கட்டளை இடுகிறார்: சேமி, அச்சிடு, மூடு, அழி. செயலி அதை நிறைவேற்றுவதற்கு முன்னரோ பின்னரோ, இணைக்கப்பட்ட நிரலின் தோளைத் தட்டி, "இதோ இவர் சேமிக்கச் சொல்கிறார், உனக்கு ஏதேனும் வேலை இருக்கிறதா?" என்று கேட்கிறது. இந்தத் தோள்தட்டலுக்கு ஈவென்ட், அதாவது நிகழ்வு என்று பெயர். எக்செல்லில் சேமிப்புக்கு முன் வருவது பிஃபோர்-சேவ். ஒரு கட்டத்தின் மதிப்பு மாறிய பின் வருவது சேஞ்ச். முன்நிகழ்வுகளில் நிரலுக்கு ஓர் அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. கேன்சல் என்ற மாறியை ட்ரூ என ஆக்கிவிட்டால் பயனரின் கட்டளை நிறைவேறாது. ஏன் நிறைவேறவில்லை என்பதை எக்செல் தன் பங்குக்குச் சொல்வதில்லை. நிரலெழுதியவர் மனம்வைத்து ஒரு செய்தியைக் காட்டினால் உண்டு. இல்லையேல் பயனர் சேமி பொத்தானை அழுத்துவார், எதுவும் நிகழாது, சேமித்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்.

எங்கள் கோப்பில் செய்தி வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதியவர் அந்த அளவுக்கு நல்லவர். ஒரு வரிசையில் ஏதேனும் ஒரு கட்டம் காலியாக இருந்தால், "அனைத்தையும் நிரப்பவும்" என்று திட்டிவிட்டுச் சேமிக்க மறுக்கும். கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் களத்தில் ஒரு முதியவர், கிணறு எந்த ஆண்டு தோண்டியது என்று நினைவில்லை என்கிறார். படிவத்தில் அந்த இடம் காலி. மடிக்கணினியில் மின்கலம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே. சேமிக்க வேண்டும், கோப்போ மறுக்கிறது. அவ்விளைஞர் என்ன செய்வார்? ஓர் எண்ணைத் தட்டுவார். தட்டியிருக்கிறார். 2000 என்று. அந்தக் கணக்கெடுப்பில் 2000ஆம் ஆண்டில் தோண்டப்பட்ட கிணறுகள் வியக்கத்தக்க அளவில் மிகுதி. அதற்கு நிலநீரியல் காரணங்களைத் தேடிக் கூட்டத்தில் அரைமணிநேரம் விவாதித்தோம் என்பதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன். தரவைக் காப்பதற்காக நிறுத்தப்பட்ட காவலாளி பொய்யை எழுதுமாறு கட்டாயப்படுத்திக்கொண்டிருந்தார்.

அடுத்து அந்த 212.

சேஞ்ச் நிகழ்வைக் கையாளும் நிரல், தானே பக்கத்துக் கட்டத்தில் நேரத்தை எழுதுகிறது. அப்படி எழுதுவதும் ஒரு மாற்றம்தான். எனவே மீண்டும் நிகழ்வு எழும், மீண்டும் நிரல் ஓடும், முடிவின்றிச் சுழலும். இதைத் தவிர்க்க எக்செல்லில் எனேபிள்-ஈவென்ட்ஸ் என்றொரு சாவி உண்டு. வேலையைத் தொடங்கும்போது அதை அணைத்து, முடித்ததும் மீண்டும் போட வேண்டும். கவனியுங்கள்: அந்தச் சாவி ஒரு தாளுக்கு உரியதன்று, ஒரு கோப்புக்கும் உரியதன்று. அப்போது ஓடிக்கொண்டிருக்கும் எக்செல் முழுமைக்கும் அதுவே சாவி. அணைத்த பிறகு, மீண்டும் போடுவதற்கு முன், நடுவில் நிரல் பிழையால் நின்றுபோனால்? சாவி அணைந்தே கிடக்கும். எக்செல்லை முற்றாக மூடித் திறக்கும்வரை எந்தத் திறந்த கோப்பிலும் எந்த நிகழ்வும் எழாது. எச்சரிக்கை கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது.

நடுவில் பிழை எப்படி வரும்? மிக எளிதாக. எங்கள் கோப்பின் நிரல், மாறியது ஒரேயொரு கட்டம் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. மூன்று கட்டங்களைச் சேர்த்துத் தேர்ந்து டெலீட் விசையை அழுத்தினால், மாறியவை மூன்று. அவற்றின் மதிப்பு ஒற்றை எண்ணாக வராது, அணியாக வரும். அணியை 1500 என்ற எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் விஷுவல் பேசிக் "பிழை 13, வகை பொருந்தவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு சாளரத்தைக் காட்டி நிற்கும். நிரல் கடவுச்சொல்லிட்டுப் பூட்டப்பட்டிருந்ததால் டீபக் பொத்தான் மங்கிக் கிடக்கும். மிச்சமிருப்பது எண்ட். அவர் அதை அழுத்தினார். அதை அழுத்தாமல் வேறென்ன செய்ய முடியும்?

அந்த நொடியிலிருந்து சரிபார்ப்பு இல்லை, நேரப் பதிவு இல்லை, சேமிப்பின்போது திட்டும் இல்லை. திட்டு நின்றுவிட்டதே என்று அவருக்கு ஆறுதல்கூட ஏற்பட்டிருக்கிறது. யாரோ கோப்பைச் சரிசெய்துவிட்டார்கள் என எண்ணியிருக்கிறார். இரவில் மடிக்கணினியை மூடிவைப்பார், காலையில் திறப்பார். எக்செல் மூடப்படவே இல்லை. மூன்று நாட்கள். 212 படிவங்கள். 450.00 என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளி விழாமல் 45000. 9 அங்குலக் குழாய் என்பது ஆழக் கட்டத்தில் 9. எந்த மனிதரும் செய்யும் தட்டச்சுப் பிழைகள் இவை. அவற்றைப் பிடிப்பதற்கென்று நிறுத்தப்பட்ட நிரல் மயங்கிக் கிடந்தது. அது மயங்கிக் கிடந்ததற்கான தடயமே, விழித்திருந்து உழைத்தவருக்கு எதிரான சான்றாக ஆக்கப்பட்டது.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது கிடைத்த மறுமொழியோடுதான் என் சண்டை. "பயனரின் கையைக் கட்டாவிட்டால் தரவு பாழாகும். இன்னும் இறுக்கமாகக் கட்டியிருக்க வேண்டும் என்பதே இதில் பாடம்" என்றார் ஒரு மூத்தவர். இந்தக் கருத்து அவருடையது மட்டுமன்று. பல்கலைக்கழகங்களில், அரசுத் திட்டங்களில், கணக்கர் அலுவலகங்களில் மேக்ரோ எழுதுகிறவர்கள் பலரது உள்ளத்தில் இருப்பது இதுதான். பயனர் ஒரு சந்தேகத்துக்குரிய ஆள். அவர் இடும் ஒவ்வொரு கட்டளையும் விசாரணைக்கு உரியது. அதனால் ஒட்டுவதைத் தடு, வேறு பெயரில் சேமிப்பதைத் தடு, வலச்சொடுக்கைத் தடு.

தடுக்க முடிகிறதா என்பதை முதலில் பார்ப்போம். கன்ட்ரோல்-வி விசையை முடக்க ஆன்-கீ என்ற வழியைக் கையாண்டிருந்தார்கள். அது முடக்குவது விசையை. ஒட்டு என்ற கட்டளையை அன்று. வலச்சொடுக்கிப் பட்டியில் ஒட்டு அப்படியே இருக்கும். அதே வேளையில், பக்கத்தில் திறந்திருக்கும் தொடர்பில்லாத கோப்பிலும் கன்ட்ரோல்-வி செத்துப்போகும், ஏனெனில் ஆன்-கீயும் எக்செல் முழுமைக்கும் பொது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கோப்பைத் திறக்கும்போது மேக்ரோக்களை அனுமதிக்காமல் விட்டுவிட்டால் இந்தக் கோட்டை முழுவதும் காற்று. வேண்டுமென்றே ஏமாற்ற நினைப்பவருக்கு ஒரு சொடுக்கு போதும். அகப்பட்டுக்கொள்பவர் சொன்னபடி மேக்ரோவை இயக்கி, சொன்னபடி வேலை செய்யும் நேர்மையான ஆள்தான். பூட்டு திருடனைத் தடுக்கவில்லை, வீட்டுக்காரரை வெளியே நிறுத்துகிறது.

இன்னொன்று, இதைவிடக் கொடியது, எவரும் பேசாதது. நிரல் ஒரு கட்டத்தில் எதையேனும் எழுதினால், எக்செல் அதுவரை சேர்த்துவைத்திருந்த அன்டூ பட்டியல் முழுவதையும் துடைத்துவிடுகிறது. எங்கள் கோப்பில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் நேரம் எழுதப்பட்டதால், ஒவ்வோர் உள்ளீட்டிலும் அன்டூ இறந்தது. தவறான வரிசையை அழித்துவிட்டால் மீட்கக் கன்ட்ரோல்-இசட் இல்லை. பயனர் தவறு செய்வார் என்று அஞ்சிக் கட்டிய அமைப்பு, அந்தத் தவறைத் தாமே திருத்திக்கொள்வதற்கு அவரிடமிருந்த ஒரே கருவியைப் பிடுங்கிக்கொண்டது. இதில் மைக்ரோசாஃப்ட்டுக்கும் பங்குண்டு. வேர்டில் 2010 முதல் அன்டூ-ரெக்கார்டு என்ற வசதி இருக்கிறது. மேக்ரோ செய்த பல மாற்றங்களை ஒரே பெயரில் கட்டி, பயனர் ஒரே அன்டூவில் திருப்ப வழிசெய்யலாம். எக்செல்லின் விஷுவல் பேசிக்கில் அதற்கு இணையானது இல்லை. ஆன்-அன்டூ என்று ஒன்று உண்டு; திருப்புவதற்கான நிரலை நாமே எழுதித் தர வேண்டும். நிரலெழுதுகிறவர்களில் எத்தனை பேர் அதை எழுதுகிறார்கள் என்பது அவரவர் மனச்சாட்சிக்குத் தெரியும்.

பயனரின் கட்டளையை நடுவழியில் பிடிக்கும் கலையின் வரலாறு மிகக் கண்ணியமானது என்றும் எவரும் எண்ண வேண்டாம். வேர்டில், உள்ளமைந்த கட்டளையின் பெயரிலேயே ஒரு மேக்ரோ எழுதினால் கட்டளைக்குப் பதிலாக அது ஓடும். ஃபைல்-சேவ்-ஆஸ் என்று ஒரு மேக்ரோ இருந்தால், நீங்கள் "வேறு பெயரில் சேமி" என்று சொல்லும்போது ஓடுவது அந்த மேக்ரோ. 1995இல் உலகெங்கும் பரவிய கான்செப்ட் என்ற நச்சுநிரல் இந்தக் கதவு வழியாகத்தான் நுழைந்தது. பயனர் தன் கட்டுரையைச் சேமிப்பதாக எண்ணினார். நச்சுநிரல் தன்னையும் அதனுள் சேர்த்துச் சேமித்தது. பின்னர் வந்த பல நச்சுநிரல்கள் டூல்ஸ்-மேக்ரோ என்ற கட்டளையையும் அதே வழியில் கைப்பற்றின. என்னென்ன மேக்ரோக்கள் உள்ளன என்று பயனர் பார்க்கப் போனால் அதைக் காட்டாமல் மறைப்பதற்கு. இந்த வகைத் தொல்லைகளின் நீண்ட வரிசைக்குப் பின்புதான் 2022இல் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. ஆய்வுத் திட்டத்தின் மேக்ரோவையும் நச்சுநிரலையும் ஒன்றாக்குகிறேனா? இல்லை. நோக்கம் வேறு. ஆனால் பயனர் இருக்கையில் அமர்ந்து பார்த்தால் அனுபவம் ஒன்றே: நான் ஒன்று சொன்னேன், இந்த இயந்திரம் எனக்குத் தெரியாமல் வேறொன்று செய்தது.

வேறு வழியே இல்லை என்பவர்களுக்கு ஆட்டோகேட்டைச் சுட்டுவேன். கட்டட வரைபடம் வரையும் நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கும் அன்டிஃபைன் என்று சொல்லி லைன் கட்டளையை நீக்கிவிட்டு, அலுவலகத்தின் சொந்த லைன் கட்டளையை வைக்கலாம். ஆனால் பயனர் முன்னால் ஒரு புள்ளியிட்டு .லைன் என்று தட்டினால், எவர் எதை மாற்றியிருந்தாலும், மூலக் கட்டளை ஓடும். ஒரே ஒரு புள்ளி. மேலதிகாரி எத்தனை அடுக்கு விதிகளைப் போட்டாலும் கடைநிலை வரைவாளரின் கைக்கு மூலக் கட்டளை எட்டுகிறது. அதனால் எந்த அலுவலகமும் இடிந்துவிழவில்லை. (கட்டளைக்கு முன் அடிக்கோடிட்டால் பிரெஞ்சு, ஜெர்மன் பதிப்புகளிலும் ஆங்கிலப் பெயரே செல்லும் என்பது இதனோடு சேர்ந்த இன்னொரு நாகரிகம்.)

ஆட்டோகேட்டில் எல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். அங்கே ரியாக்டர் எனப்படும் நிகழ்வு ஏற்பாட்டில், கட்டளை தொடங்கும்போது ஒரு தகவல், முடியும்போது ஒரு தகவல், பயனர் எஸ்கேப் அழுத்திக் கைவிட்டால் தனியாக இன்னொரு தகவல். அளவுக்கோடு வரையும் கட்டளை தொடங்கினால் லேயரை மாற்று, முடிந்தால் பழைய லேயருக்குத் திரும்பு என்று பலரும் எழுதுவார்கள். கைவிடும் நிகழ்வுக்கு எழுத மறப்பார்கள். பயனர் எஸ்கேப் அழுத்துவார். லேயர் மாறியபடியே நிற்கும். அதன்பின் வரையும் சுவரெல்லாம் அளவுக்கோட்டின் லேயரில் போய் விழும். எங்கள் எக்செல் கோப்பின் நோய்க்கு நேர் உடன்பிறப்பு இது. தொடங்கியது முடியும் என்ற ஒரே வழியை மட்டும் மனத்தில் வைத்து எழுதுவது. மனிதர்கள் பாதியில் மனம் மாறுவார்கள் என்பது நிரலெழுதுகிறவருக்கு ஏனோ தோன்றுவதில்லை.

ஈமேக்ஸில் ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் பின்னும் ஓடுமாறு நிரலைக் கொக்கியில் மாட்டலாம். அப்படி மாட்டிய நிரல் பிழைவிட்டால் ஈமேக்ஸ் அதைக் கொக்கியிலிருந்து கழற்றி எறிந்துவிட்டு, பிழைச் செய்தியையும் காட்டும். அடுத்தடுத்த கட்டளைகள் தடையின்றி நடக்கும். இதைவிட எனக்குப் பிடித்தது வேறு. கன்ட்ரோல்-எச் அழுத்தி, பிறகு கே அழுத்தி, ஏதேனும் ஒரு விசையை அழுத்தினால், அந்த விசை இப்போது எந்தச் செயற்பாட்டை அழைக்கும் என்று ஈமேக்ஸ் விளக்கும். "நான் இதை அழுத்தினால் என்ன நடக்கும்?" என்று கேட்கும் உரிமை. எங்கள் கோப்பின் இளைஞருக்கு அந்த உரிமை இருந்திருந்தால், கூலிக்காக ஒரு மாதம் அலைந்திருக்கமாட்டார்.

"அப்படியானால் நிகழ்வுகளையே கையாள வேண்டாமா?" கையாளுங்கள். சேமிக்கும்போது வரி இறுதியின் வெற்றிடங்களை நீக்கும் நிரல் எனக்கும் உண்டு. அது இல்லாமல் நான் எழுதுவதில்லை. சரிபார்ப்பும் வேண்டும். ஆனால் சேமிப்பைத் தடுத்துச் சரிபார்க்காதீர்கள். காலிக் கட்டத்துக்கு வண்ணம் பூசுங்கள். எண் பொருந்தாவிட்டால் பக்கத்தில் குறியிடுங்கள். "தெரியவில்லை" என்று எழுத இடம் கொடுங்கள். நாளின் முடிவில் ஐயத்துக்குரிய வரிசைகளைப் பட்டியலிட்டுத் தாருங்கள். சேமி என்று மனிதர் சொன்னால், அரைகுறையாக இருப்பினும், சேமித்துவிட்டுப் பிறகு பேசுங்கள். எனேபிள்-ஈவென்ட்ஸை அணைப்பதற்கு முன்னரே, பிழை வந்தால் எங்கே போக வேண்டும் என்ற ஆன்-எரர் வரியை எழுதுங்கள். போய்ச்சேரும் இடத்தில் சாவியை மீண்டும் போடுங்கள். மாறிய கட்டங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவையா என்று முதல் வரியிலேயே கேளுங்கள். மொத்தம் நான்கைந்து வரிகள். அந்த நான்கைந்து வரிகள் இல்லாமையால் ஒருவர் திருடர் எனப்பட்டார்.

கூட்டத்தில் நான் நிரலைப் பற்றி உரையாற்றவில்லை. கோப்பைத் திரையில் திறந்தேன். மூன்று கட்டங்களைத் தேர்ந்து டெலீட் அழுத்தினேன். பிழைச் சாளரம் வந்தது, எண்ட் அழுத்தினேன். ஆழக் கட்டத்தில் 99999 என்று தட்டினேன். கோப்பு வாய்திறக்கவில்லை. நேரக் கட்டம் வெறுமையாக நின்றது. பாதி வரிசையைக் காலியாக விட்டுச் சேமித்தேன், சேமித்துக்கொண்டது. அறையில் சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு தேநீர் வந்தது.

நிறுத்தப்பட்ட கூலி அடுத்த மாதம் வழங்கப்பட்டது. மன்னிப்புக் கேட்கப்படவில்லை. 212 படிவங்களும் காகிதத்தோடு மீண்டும் ஒப்பிடப்பட்டன. அவ்வேலையையும் அவரே செய்தார், அதற்குத் தனிக்கூலி இல்லை. 2000ஆம் ஆண்டுக் கிணறுகளை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

அதே கோப்பு, பெயர் மாறி, வேறு திட்டங்களுக்கும் போயிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். உங்கள் மேசைக்கு வந்திருந்தால் ஒன்று செய்யுங்கள். நாள்தோறும் வேலை தொடங்கும் முன் எக்செல்லை முற்றாக மூடித் திறந்து, முதற்காரியமாக ஆழக் கட்டத்தில் 99999 என்று தட்டிப் பாருங்கள். திட்டினால் நிரல் விழித்திருக்கிறது. அந்த எண்ணை அழித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். பகலில் "பிழை 13" சாளரம் வந்தால், அந்த நேரத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, சேமித்து, மூடி, மீண்டும் திறவுங்கள். படத்தை அழிக்க வேண்டாம்.